ஏங்கியது வேறு, பயந்தது வேறு

1. முதல் நாள் அலறல்

2009இல் மெல்பேர்ண் மல்கிரேவில் ஒரு பாஸ்தா தொழிற்சாலையில் கியூ.ஏ. அலுவலராகச் சேர்ந்தேன். கியூ.ஏ. என்றால் தரம் பார்ப்பவள். மாவின் ஈரப்பதம், ரிக்கோட்டாச் சீஸின் புளிப்பு, வேலையாட்களின் நகம் என்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் தருவார்கள். என் இயல்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

தொழிற்சாலை ஓர் இத்தாலியக் குடும்பத்தினுடையது. முதலாளி வயதாகி வீட்டோடு இருந்தார். நிர்வாகம் அவருடைய மகன் மார்க்கோவின் கையில். ஆனால் உற்பத்தி லைனை ஓட்டியது முதலாளியின் தங்கை ஆஞ்சலா. தென் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து சிறுமியாகக் கப்பலில் வந்தவர். அறுபதைத் தாண்டியும் எல்லோருக்கும் முன்னதாக வெள்ளை பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

முதல் நாள் அவரிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போனேன். மாவை விரிக்கும் ரோலருக்கு முன்னால் குனிந்து நின்றார். கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு இரைச்சல். மரியாதையான யாழ்ப்பாணத்துப் பெண்ணாக, பின்னால் போய் மெல்லத் தோளைத் தொட்டேன். அவர் துள்ளிய துள்ளலில் ஒரு தட்டு நிலத்தில் விழுந்து உருண்டது.

"ஓ தியோ! கே ஸ்பவென்தோ!" என்று நெஞ்சைப் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி இத்தாலியனில் பொரிந்து தள்ளினார். ஒன்றும் விளங்காமல் நான் முழித்ததைக் கண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை நான் எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன், வேறு மாதிரி எனக்கு வராது.

"எனக்கு மாரடைப்பு வரப் பாத்தது! இந்தச் சத்தத்துக்குள்ள ஆரையும் பின்னால வந்து தொடாதையும். முன்னால வந்து நிண்டு கையைக் காட்டும். நான் செத்தா ரவியோலி ஆர் செய்யிறது, நீரோ?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் போய் ஒரு கப் தண்ணீரில் சீனியைக் கரைத்து மடமடவென்று குடித்துவிட்டு வந்தார். "ஸ்பவென்தோவுக்கு இதுதான் மருந்து" என்றார். பிறகு என் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரித்தார். கோபம் அதற்குள் எங்கே போனதென்று தெரியவில்லை.

2. சத்தத்துக்குள் புழங்கிய சொற்கள்

தொழிற்சாலை என்றால் திடுக்கிடாத நாள் இல்லை. தட்டு விழும், வால்வு சீறும், ஃபோர்க்லிஃப்ட் மூலையில் ஹோர்ன் அடிக்கும். வியட்நாம், கம்போடியா, இலங்கை என்று பல நாட்டு ஆட்கள் வேலை செய்தார்கள். யாருக்கும் மற்றவரின் பாஷை தெரியாது. ஆனால் ஆஞ்சலா கத்தும் இத்தாலியச் சொற்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் அவ்வளவு கத்துவார்.

ஒருநாள் ஸ்மோக்கோவில், இந்த நாட்டில் தேநீர் இடைவேளைக்கு அப்படித்தான் பெயர், லான் என்ற வியட்நாம்காரி தட்டு விழுந்த கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்குப் பவூரா வந்தது" என்று முடித்தாள். ஆஞ்சலா சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது பவூரா இல்லை. அது ஸுஸுல்தோ. தட்டு விழுந்தது, உன்ர உடம்பு துள்ளினது, அவ்வளவுதான். உனக்குத் தெரிய முந்தியே முடிஞ்சு போச்சு. பவூரா அப்படி முடியாது."

"ரெண்டும் பயந்தானே?" என்றேன். வாயைக் கொடுத்துவிட்டேன்.

"சாந்தி, உமக்குப் பக்டீரியா எல்லாம் ஒண்டோ?"

இல்லைதான். சல்மொனெல்லாவுக்குச் செய்வதை லிஸ்டீரியாவுக்குச் செய்தால் ஆட்களைக் கொன்றுவிடுவோம்.

"உங்கட பாஷையில பயத்துக்கு ஒரு சொல்லுத்தானோ?" என்று அவர் மேலும் கிண்டினார். அது எனக்குச் சுர்ரென்றது. எங்கள் பாஷையில் சொல் இல்லையா? அன்று தொடங்கியது போட்டி. ஸுஸுல்தோவுக்கு நான் திடுக்கிடுதலைப் போட்டேன், ஒத்துக்கொண்டார். ஸ்பவென்தோ என்பது வெளியிலிருந்து திடீரென்று வந்து நெஞ்சில் அடிப்பது, ஆள் கொஞ்ச நேரம் தன்னிடம் இல்லாமல் போய்விடுவது என்றார். யோசிக்கவே தேவையிருக்கவில்லை. "ஏங்கிப்போறது" என்றேன். தமிழ்நாட்டுச் சிநேகிதிகளுக்கு ஏங்குவதென்றால் ஆசைப்பட்டுக் காத்திருப்பது. எங்களுக்கு அது நெஞ்சு ஒருதரம் நின்று போவது. "பிள்ளை ஏங்கிப்போடும், கதவை அடிச்சுச் சாத்தாதை" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

ஃபீஃபா என்று ஒன்று. அது பகிடிக்கான பயம். பல் டொக்டரிடம் போக மார்க்கோவுக்கு இருப்பது ஃபீஃபா. ஆறடி ஆள், நிறுவனத்தின் நிர்வாகி, அதற்காகவே அப்பொயின்ற்மென்றைத் தள்ளித் தள்ளிப் போடுவார். ஸ்கொமென்தோ அப்படி இல்லை. தன்னால் ஒருபோதும் சமாளிக்க முடியாத ஒன்றை நேரே கண்டதும் ஆள் சோர்ந்து நின்றுவிடுவது. கப்பலால் இறங்கிய அன்று தன் தாயின் முகத்தில் அதைக் கண்டதாக ஆஞ்சலா சொன்னார். அப்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. "திகைச்சுப் போறது" என்றேன் நான். சொல்லைச் சொல்லிப் பார்த்தார், வாயில் நிற்கவில்லை.

"அப்ப பவூரா?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சத்தம் வேண்டாம். ஒண்டும் வெடிக்க வேண்டாம். உள்ளுக்க வந்து இருந்துகொண்டு எழும்பாது. அதுக்குச் சீனித்தண்ணி சரிவராது" என்றார்.

இவையெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சு. வேலைக்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை.

3. நேசன்

2011 கடைசியில் நேசன் வந்து சேர்ந்தான். வன்னிப் பக்கம். படகில் வந்து, முகாமில் இருந்து, அகதிக் கேஸ் முடியும்வரைக்கான பிரிட்ஜிங் விசாவில் வெளியே விட்டிருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இருந்தது. கிளேட்டனில் ஒரு வீட்டில் இவனைப் போன்ற பொடியன்களோடு ஒன்றாக இருந்தான். மனைவியும் மகளும் ஊரில்.

முதல் நாள் என்னைக் கண்டதும் "அன்ரி, நீங்கள் தமிழோ?" என்றான். முப்பத்தைந்து வயது ஆம்பிளைக்கு நான் எப்படி அன்ரி ஆவேன்? "ஃபக்டரிக்குள்ள நான் அன்ரி இல்லை" என்றேன். அடுத்த நிமிடமே அக்கா ஆக்கிவிட்டான். கெட்டிக்காரன்.

அவனை ஃபில்லிங்கில் போட்டார்கள். ரிக்கோட்டாவும் கீரையும் கலந்த கலவையை ஹொப்பர் என்ற பெரிய புனல் தொட்டியில் கொட்டி, கொழுக்கட்டை மாதிரியான ரவியோலிக்குள் அளவாக விழுகிறதா என்று பார்க்கும் இடம். அங்கே நிற்கும் ஆளுக்குக் கையும் கண்ணும் சேர்ந்து ஓட வேண்டும். அவனுக்கு ஓடியது. தாடிக்கு வலை போட்டுக்கொண்டு, பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நிற்பான். ஆஞ்சலா இத்தாலியனில் திட்டினால் இத்தாலியனிலேயே "ஸீ, ஸின்யோரா" என்பான். திட்டுக் குறைந்துவிடும்.

ஒருநாள் பஸ்ஸுக்குப் போகும்போது சொன்னான். "அக்கா, இந்த நாட்டில எனக்கு ஆரும் தந்த முதல் சாமான் இந்த வேலைதான். இதை விட்டா எனக்கு ஒண்டுமில்லை. வேலையில பிரச்சினை எண்டா இமிகிரேஷனுக்குப் போகுமாம், கேசைப் பிழையாப் பாப்பினமாம். வீட்டில எல்லாரும் சொல்லுறாங்கள்."

"விசர்க் கதை. ஆர் உமக்குச் சொன்னது?" என்றேன்.

"எல்லாரும்" என்றான். அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்னது அது. நான் சொன்னதை அவன் நம்பவில்லை என்று அவன் நடையிலேயே தெரிந்தது.

4. வெடித்த நாள்

2012 குளிர்காலம். எங்கள் பாஸ்தாவை வாங்கும் பெரிய சுப்பர்மார்க்கட் ஒன்றின் ஓடிட்டர் வந்திருந்தார். உயரமான பெண்மணி, சிரிக்காத முகம், கையில் கிளிப்போர்ட். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு போனேன். வாசலில் பூட்ஸ் கழுவும் தொட்டி, கை கழுவும் இடம், மெற்றல் டிடெக்டர், எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நல்லாப் போகும்போதுதான் நாவூறு பட்டுவிடும்.

ஃபில்லிங் பகுதிக்கு வந்தோம். நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே, அமுக்கக் காற்றுக் குழாயின் இணைப்பு கழன்றது. துவக்குச் சத்தம் என்று சொல்லமாட்டேன், அதைக் கேட்டவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு பெரிய சத்தம். கழன்ற குழாய் பாம்பு மாதிரி அந்தரத்தில் அடித்தது. எல்லோரும் துள்ளினோம். நான் "ஐயோ முருகா" என்றேன். லான் நிலத்தில் குந்திவிட்டாள். யாரோ ஓடிப்போய் காற்றை நிறுத்தினார்கள்.

அந்த நேரத்தில் நேசன் தாடி வலையைக் கீழே இழுத்தான். கோட்டின் கழுத்தை விரித்தான். தலையைக் குனிந்து, "தூ, தூ, தூ" என்று நெஞ்சில் துப்பினான்.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏங்கிப்போனால் நெஞ்சில் துப்பச் சொல்லித்தான் எங்கள் தாய்மார் பழக்கினார்கள். எந்த வயதானாலும் கை தானாகவே கழுத்துக்குப் போகும். ஆனால் அவன் நின்ற இடத்தில், ஒரு எட்டில், ரிக்கோட்டா ஹொப்பர் திறந்து கிடந்தது.

"அவர் இப்ப துப்பினவரோ?" என்று ஓடிட்டர் கேட்டார்.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? கண்ணால் கண்டதை இல்லை என்று சொன்னால் நான் கியூ.ஏ. இல்லை.

அதே நேரம் இன்னொன்றையும் கண்டேன். ஓடிட்டர் நேசனைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அவர் காணவில்லை. ரோலருக்கு முன்னால் நின்ற ஆஞ்சலா சிலுவை அடையாளம் போட்டு, கையுறையோடு விரல் நுனிகளை வாயில் வைத்துக் கொஞ்சி முத்தமிட்டுவிட்டு, அதே கையால் மாவைத் தூக்கப் போனார். "ஆஞ்சலா, கையுறையை மாத்துங்கோ!" என்று கத்தினேன். அவர் ஒன்றும் யோசிக்காமல் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டார்.

லைனை நிறுத்தினேன். ஹொப்பரில் இருந்தது, மேசையில் இருந்தது, விரித்த மாவு, எல்லாவற்றையும் வெளியே விடாமல் ஹோல்ட் போட்டுக் குப்பைக்கு அனுப்பினேன். ரிக்கோட்டா போவதைப் பார்த்து ஆஞ்சலா கண்ணைத் துடைத்தார். இயந்திரத்தைக் கழற்றிக் கழுவினோம். குழாயின் இணைப்பை அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே மாற்றினார்கள். ஓடிட்டர் தன் குறிப்பில் 'கிரிட்டிக்கல்' என்று போட்டார். அதற்கு மேல் ஒரு வகை கிடையாது.

நேசனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

"என்ன அக்கா? நான் என்ன செய்தனான்?"

"துப்பினனீர்."

"நானோ?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். வலை தாடிக்குக் கீழே தொங்கியது. அப்போதுதான் முகம் வெளுத்தது.

மார்க்கோ அலுவலகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அவரை வீட்ட போகச் சொல்லும். நாளைக்குக் காலமை மீற்றிங்." அவ்வளவுதான் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

5. அந்தக் கதிரை

அடுத்த நாள் காலை அறைக்குள் நாங்கள் நான்கு பேர். மார்க்கோ, ஆஞ்சலா, நேசன், மொழிபெயர்க்க நான். நேசன் தலை சீவி, சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தான். கண் சிவந்து கிடந்தது. கதிரையின் நுனியில் இருந்தான்.

மார்க்கோ கெட்ட மனுசன் இல்லை. சுப்பர்மார்க்கட் ஓடரை நிறுத்தினால் எல்லோருடைய வேலையும் போகும், அது அவர் தலையில் இருந்தது. "சுத்தி வளைக்க விருப்பமில்லை. புரடக்ட் திறந்திருக்கிற இடத்தில துப்பினா வேலையில்லை எண்டு இன்டக்ஷன்லயே சொல்லித்தான் ஆட்களை எடுக்கிறம். ஏன் துப்பினவர் எண்டு கேளும்."

கேட்டேன். "ஏங்கிப்போனன் அக்கா. அம்மா பழக்கினது. கை தானாப் போட்டுது" என்றான். பிறகு தன் ஆங்கிலத்தில், "ஐ ஸ்கேர்ட், சேர். வெரி ஸ்கேர்ட்" என்றான்.

அவன் சொன்ன பழக்கத்தை விளக்கினேன். மார்க்கோ கைகளை விரித்தார். "விளங்குது. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

அந்தச் சொல்லோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாருக்கும் ஒண்டெண்டா நல்லது. அதே வெடிக்கு உங்கட ஸியாவும் கையுறையோட விரலைக் கொஞ்சினவ. கொஞ்சின கையோட மாவுக்குப் போனவ." ஸியா என்றால் மாமி.

"அது வேறை. அவ கும்பிட்டவ."

"இவரும் அதைத்தான் செய்தவர்."

ஆஞ்சலாவின் முகம் சிவந்தது. என்னை எரித்துவிடுவார் போல் பார்த்தார். மூன்று வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள். இதோடு அவர் கொண்டுவந்து தரும் ரவியோலி முடிந்தது என்று நினைத்தேன்.

"நான் செய்தனானோ?" என்று கேட்டார்.

"ஓம். நான் மாத்தச் சொன்னனான், நீங்கள் மாத்தினனீங்கள்."

தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "மதோன்னா" என்று சொல்லிக்கொண்டே வலது கையை நெற்றிக்குக் கொண்டு போனவர், பாதியில் நிறுத்திக் கையை மடியில் வைத்தார். நான் சிரிக்காமல் இருக்க நாக்கைக் கடித்தேன்.

"மார்க்கோ, எனக்குச் சாந்தி கையுறையை மாத்தச் சொன்னவ. அவருக்கும் கோட்டை மாத்தச் சொல்லு. இல்லையெண்டா என்னையும் அனுப்பு. ஆனா கொப்பருக்கு நீதான் ஃபோன் பண்ணிச் சொல்ல வேணும்" என்றார் ஆஞ்சலா.

தகப்பனுக்கு ஃபோன் பண்ண மார்க்கோவுக்கு இருந்தது ஃபீஃபாவா, வேறேதாவதா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் அவர் விடவில்லை. இம்முறை குரல் மென்மையாக வந்தது. "சரி, துப்பினதை விடுவம். அவர் தன்ர வாயாலயே சொல்லுறார், ஸ்கேர்ட் எண்டு. ரோலருக்குப் பக்கத்தில பயந்த மனுசனை நிப்பாட்ட ஏலாது. கை போயிடும். பொதி செய்யிற பக்கிங்கில இடமில்லை. நான் அவற்ற நன்மைக்குத்தான் சொல்லுறன். வேறை வேலை பாக்கட்டும்."

விரல் போன ஆட்களை நான் வேறு தொழிற்சாலைகளில் கண்டிருக்கிறேன். நேசன் என் முகத்தைப் பார்த்து, நான் மொழிபெயர்க்க முன்னமே விளங்கிக்கொண்டான்.

ஆஞ்சலா மேசையில் தட்டினார். "ஸ்கேர்ட் எண்டா என்ன? இங்கிலீசில எல்லாத்துக்கும் ஒரு சொல்லு. அவரைக் கேளுங்கோ." பிறகு என்னை விட்டுவிட்டு அவன் பக்கமே திரும்பினார். "நேசன். ஸ்பவென்தோ? ஓ பவூரா?"

ஏங்கினதா, பயமா என்ற அந்தக் கேள்வி அவனுக்கு நேராகவே விளங்கியது. லைனில் அவன் தினமும் கேட்ட சொற்கள். பிறகு என்னிடம் திரும்பினான்.

"அக்கா, இதை வடிவாச் சொல்லுங்கோ. அந்தச் சத்தத்துக்கு ஸ்பவென்தோ. ஏங்கினனான், துப்பினனான், அதோட போட்டுது. மெஷினிட்ட எனக்குப் பயமில்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாதெண்டு எனக்குத் தெரியும். ஆனா நேற்றுக் கதவைச் சாத்தினதில இருந்து நித்திரையில்லை. வேலை போனா இமிகிரேஷனுக்குச் சொல்லுவினம், கேஸ் முடிஞ்சுது, பிள்ளையின்ர முகத்தை இனிப் பாக்கமாட்டன் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இப்பவும் இந்தக் கதிரையில இருந்து அவற்ற வாயைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். இதுதான் அக்கா பவூரா."

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். பிள்ளையின் முகம் என்ற இடத்தில் மட்டும் இருமிச் சமாளித்தேன்.

மார்க்கோ எழும்பிவிட்டார். "இமிகிரேஷனோ? நான் ஏன் இமிகிரேஷனுக்குச் சொல்லப் போறன்? ஆர் சொன்னது இவருக்கு? நான் அப்பிடி ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"நீ ஒண்டும் சொல்லேல்லை," என்றார் ஆஞ்சலா. "நேற்றையில இருந்து ஒண்டுமே சொல்லேல்லை. மிச்சத்தை அவர் தானாச் சொல்லிக்கொண்டார்."

மார்க்கோ யன்னல் பக்கம் போய் நின்றார். கார் நிறுத்துமிடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் நேசனைப் பார்த்தே சொன்னார். "வேலை போகாது. இமிகிரேஷனுக்கு ஒண்டும் போகாது. நீர் ஃபில்லிங்கிலதான் நிக்கிறீர். சாந்தி, இதைச் சொல்லும்."

சொன்னேன். நேசன், "இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா" என்றான். திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டினான், எழும்பி இரண்டு பேருக்கும் கைகொடுத்தான், தொப்பியைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போனான்.

6. பிறகு

ஹொப்பரடியில் போய்க் கரண்டியைத் தூக்கினான், கரண்டி கையில் நிற்கவில்லை. கையும் காலும் உதறத் தொடங்கிவிட்டன. வெடித்தபோது நடுங்காதவன், கதிரையில் இருந்தபோது நடுங்காதவன், எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு நின்று நடுங்கினான். காய்ச்சலோ என்று பதறிப்போனேன்.

ஆஞ்சலா பார்த்த பார்வையிலேயே சொன்னார். "த்ரெமரெல்லா. ஒண்டுமில்லை. பவூரா வெளிய போகேக்க கைகாலாலதான் போகும். விடும், போகட்டும்." அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டறையில் இருத்திச் சீனித்தண்ணீர் கொடுத்தார். பவூராவுக்கு அது சரிவராதென்று சொன்ன மனுசிதான். கேட்டால் "போற நேரம் குடிக்கலாம்" என்றார். வாதாட நான் போகவில்லை.

சுப்பர்மார்க்கட்டுக்கு நடவடிக்கை அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. காற்றுக் குழாய்களை ஃபில்லிங்குக்கு மேலிருந்து சுவர்ப் பக்கம் மாற்றினோம். நிலத்தில் மஞ்சள் கோடு போட்டோம். பெரிய சத்தம் ஏதும் வந்தால் முதலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வர வேண்டும். வெளியே வந்து உங்கள் தாய் பழக்கியதைச் செய்யலாம். துப்பலாம், கும்பிடலாம், கொஞ்சலாம். பிறகு கை கழுவி, போட்டிருக்கும் கோட்டும் கையுறையும் மாற்றி உள்ளே போக வேண்டும். துப்பாதே, கும்பிடாதே என்று போடத்தான் மார்க்கோ முதலில் விரும்பினார். திடுக்கிட்டவனுக்குச் சட்டம் ஞாபகம் வராது, தாய்தான் ஞாபகம் வருவாள் என்று நான் சண்டை பிடித்தேன். அந்த உயரமான ஓடிட்டர் திரும்ப வந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தார், பயிற்சியைப் பார்த்தார், 'கிரிட்டிக்கல்' குறிப்பை மூடினார். போகும்போது, தன் தகப்பன் திடுக்கிட்டால் தீமை அண்டாமலிருக்கக் கிட்டக் கிடக்கும் மரச் சாமானைத் தொடுவார் என்றார். அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

ஆஞ்சலா ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் என் மேசையில் ஒரு கிண்ணம் ரவியோலியை வைத்துவிட்டு, "ஆற முந்திச் சாப்பிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி.

நான் வேலையை விட்டு நிற்கும்வரை இப்படி எத்தனையோ மீற்றிங்குகளில் இருந்திருக்கிறேன், பிறகு நானே நடத்தியும் இருக்கிறேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுவேன். அறிக்கையில் 'பயந்தார்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். திடுக்கிட்டாரா, ஏங்கினாரா, பயந்தாரா என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் காரணம் இயந்திரத்தில் இருக்கும், பொறியியலாளரைக் கூப்பிடலாம். மூன்றாவதற்குக் காரணம் பெரும்பாலும் அலுவலகத்துக்குள் இருக்கும். ஆகவே ஒருவரை விசாரணைக்குக் கூப்பிட்டால் வேலை போகுமா, போகாதா என்று முதல் வசனத்தில் சொல்லுங்கள். இன்னும் தெரியாதென்றால், எப்போது தெரியும் என்றாவது சொல்லி அனுப்புங்கள்.

வெடித்த குழாயை நாங்கள் அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே பார்த்தோம். நேசனை அடுத்த நாள் காலைவரை அப்படியே விட்டோம்.